கரி பஸ்ஸில் பொங்கிய கேக்

எனக்குக் கேக் செய்யத் தெரியும் என்று ஒருமுறை பொய் சொன்னேன். அதற்காக வருத்தப்படுகிறேனா என்று கேட்டால், இல்லை. அதே நிலைமை திரும்ப வந்தால் அதே பொய்யை இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்வேன். தகரத்தின் மூடியை மட்டும் அவ்வளவு இறுக்கிக் கட்டமாட்டேன். அந்த ஒரு விஷயத்தில்தான் என்மேல் தப்பு. மற்ற தப்பெல்லாம் எதிர்த்தரப்பைச் சேர்ந்தது.

அப்போது யுத்த காலம். எனக்கு வயது இருபத்தொன்று. பாளையங்கோட்டையில் ஆசிரியர் பயிற்சி முடித்த கையோடு கல்யாணமாகி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்து, அங்கே மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு டீச்சராகச் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. தற்காலிக வேலைதான். ஆனால் தினமும் காலையில் வருகைப் பதிவேட்டில் 'எஸ்தர்' என்று என் கையால் எழுதிவிட்டு நிமிரும்போது எனக்கு வரும் திமிர் இருக்கிறதே, அதை இந்த வயதிலும் அடக்கிச் சொல்லத் தெரியவில்லை. அதுவரை நான் இன்னார் மகள்; அதன்பிறகு இன்னார் மருமகள். அந்தப் பதிவேட்டில் மட்டும்தான் நான் நானாக இருந்தேன். அந்த வேலை போனால் செத்தே போவேன் என்று நினைத்தேன். (இருபத்தொரு வயதில் எல்லாவற்றுக்கும் செத்துப்போகத் தோன்றும். அதனால் அந்தப் பயம் பொய் என்று ஆகிவிடாது.)

என் மாமியாருக்கு அந்த வேலை பிடிக்கவில்லை. காரணத்தை ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

"மருமக காலையில குடையைத் தூக்கிக்கிட்டுத் தெருவுல போனா, பாக்கிறவ என்ன நெனைப்பா? இந்த வீட்டுல சோத்துக்கு வழியில்லன்னு நெனைப்பா."

மாமனார் தேவசகாயம் அத்தை சொன்னதற்கெல்லாம் தலையாட்டுகிறவர். பத்திரம் எழுதியே தலை நரைத்தவர். எதையும் காகிதத்தில் பார்த்தால்தான் அவருக்கு நம்பிக்கை. எங்கள் சபையின் மதுவிலக்குச் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் வேலையை விட்டு விலகுவதாக அழகான கையெழுத்தில் ஒரு கடிதத்தை அவரே எழுதி பீரோவில் வைத்திருந்தார். காரணம் எழுதவேண்டிய இடத்தில் மட்டும் இரண்டு வரி காலி. "காரணம் எழுதாத காகிதம் செல்லாதும்மா. சமயம் வரட்டும், பொருத்தமா எழுதிக்கிடலாம்" என்று என்னிடமே சொன்னார். அவ்வளவு நேர்மையான மனிதர்.

டிசம்பர் பிறந்ததும் அத்தை நிபந்தனையைப் போட்டார்.

"ஏட்டி எஸ்தரு, கிறிஸ்துமஸுக்கு இந்த வீட்டுலேருந்து பன்னெண்டு வீட்டுக்குத் தட்டு போவணும். அம்புட்டும் ஒன் கையால ஆவணும். ஆச்சுன்னா நீ பாட்டுக்குப் பள்ளிக்கூடம் போ. ஆவலைன்னா மாமா எழுதி வச்ச தாளுல கையெழுத்தப் போடு."

தட்டு என்றால் சாதாரண விஷயம் இல்லை. எங்களவர்கள் வீட்டுக்கும் அக்கம்பக்கத்து இந்துக்கள் வீட்டுக்கும் பித்தளைத் தட்டில் பலகாரம் அடுக்கி, மேலே கையால் பின்னிய வெள்ளைத் துணி போர்த்திக் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். முட்டை ஆகாத வீடுகளுக்குப் பழமும் கற்கண்டும். வாங்கிக்கொண்டவர்கள் தட்டை வெறுமனே திருப்பித் தரமாட்டார்கள். ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் தருவார்கள். அதற்குள் துணியை விலக்கிப் பார்த்து, முந்திரிக்கொத்தைக் கடித்துப் பார்த்து, இந்த வீட்டு மருமகள் எப்பேர்ப்பட்டவள் என்று முடிவுகட்டி விடுவார்கள். அந்தத் தீர்ப்பு அடுத்த கிறிஸ்துமஸ் வரை செல்லும்.

எனக்கு முறுக்குச் சுற்ற வராது. நான் சுற்றினால் அது ரயில் தண்டவாளம் மாதிரி நேராகப் போகும். அதிரசம் எண்ணெயில் விழுந்ததும் காணாமல் போகும். இது அத்தைக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் நிபந்தனை போட்டார். அந்தக் கோபத்தில்தான் என் வாயிலிருந்து அது வந்தது.

"முறுக்கும் அதிரசமும் எல்லாரும் அனுப்புறதுதான, அத்தை? நான் கேக் அனுப்பப் போறேன்."

அத்தை புடைத்துக்கொண்டிருந்த சுளகைக் கீழே வைத்தார். "கேக்கா? அது வெள்ளக்காரன் திங்கிறதுல்லா? ஒனக்குச் செய்யத் தெரியுமா?"

"தெரியும்."

உண்மை என்னவென்றால், பயிற்சிப் பள்ளியில் இருந்த வெள்ளைக்காரத் துரைசாணி அம்மாள் கிறிஸ்துமஸுக்குக் கேக் செய்வார். இரண்டு வருஷம் அவருக்கு முட்டை அடித்துக் கொடுத்தது நான். கை கழன்றுவிடும்போல அடித்திருக்கிறேன். அதற்குப் பிறகு அந்தப் பெரிய இரும்பு அடுப்பின் கதவுக்குப் பின்னால் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. முட்டை அடித்தவளுக்குக் கேக் தெரியும் என்றால், மேளம் அடித்தவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்று அர்த்தம்.

யுத்தமோ எதையும் கிடைக்கவிடவில்லை. சீனி ரேஷனில். ஆகவே கருப்பட்டி. மைதா கண்ணில் படவில்லை. ஆகவே ரேஷன் கோதுமையைத் திரித்து, என் வீட்டுக்காரரின் நல்ல வேட்டி ஒன்றில் சலித்தேன். (சலித்து முடித்தபோது அது நல்ல வேட்டியாக இல்லை.) உலர்ந்த திராட்சைக்குப் பதில் பேரீச்சம்பழம். முட்டைக்கு மட்டும் பஞ்சமில்லை. பக்கத்து ஊரான மகாராஜபுரத்திலிருந்து ஒரு கூடை வந்தது. கடைசியில் ஒன்றே ஒன்றுதான் பாக்கி: மாவைப் பொங்க வைக்கிற பொடி. துரைசாணி அம்மாள் சிறு டப்பாவிலிருந்து ஒரு கரண்டி எடுத்துப் போடுவார். அந்த டப்பா கப்பலில் வரும். கப்பலோ யுத்தத்துக்குப் போயிருந்தது.

யோசித்தேன். ஆப்ப மாவு எப்படிப் பொங்குகிறது? கள் விட்டால் பொங்குகிறது. ஆப்பம் பொங்கினால் கேக் பொங்காதா? இவ்வளவு தெளிவாக யோசிக்கிறோமே என்று எனக்கே பெருமையாக இருந்தது. ஆனால் நான் வாழ்க்கைப்பட்டது மதுவிலக்குச் சங்கச் செயலாளர் வீடு. அந்த வீட்டில் கள்ளுக்குப் பயந்து ஆப்பமே சுடுவதில்லை.

என் வீட்டுக்காரர் சாமுவேல் தபால் ஆபீஸ் குமாஸ்தா. நல்லவர், தன் அப்பாவைக் கண்டால் மட்டும் எழுந்து நின்றுகொள்வார், அதற்குமேல் ஒன்றும் செய்யமாட்டார். அவரைத்தான் செண்பகத்தோப்புக்குப் போகிற சாலையில் இருந்த தென்னந்தோப்புக்கு அனுப்பினேன். மத்தியானம் தூக்குச் சட்டி நிறையக் கள் கொண்டுவந்து, வாசல் பக்கம் பார்த்துக்கொண்டே என் கையில் கொடுத்தார்.

"எதுக்குங்க இம்புட்டு?"

"கொறச்சுக் கேட்டா கள்ளு எறக்குறவன் என்னை ஒரு மாதிரி பாக்கான். வெக்கமா இருந்துச்சு. யாராச்சும் கேட்டா மோருன்னு சொல்லு."

எவ்வளவு விடுவது என்று எனக்கு யார் சொல்வது? ஆப்பத்துக்கு ஒரு கரண்டி விடுவார்கள். கேக் ஆப்பத்தைவிடப் பெரிசு. ஆகவே ஒரு செம்பு. பன்னிரண்டு வீட்டுக் கேக் என்பதால் இன்னொரு செம்பு. மிச்சத்தை வைத்திருந்தால் மாட்டிக்கொள்வோம் என்பதால் மிச்சமும். அன்று சாயங்காலம் கொல்லையில் உட்கார்ந்து, மூன்று நாள் சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்து வைத்திருந்த மண்ணெண்ணெய்த் தகரத்தில் எல்லாவற்றையும் கலக்கினேன். ஆப்ப மாவைப்போலக் காலைவரை புளிக்கட்டும் என்று மேலே துணி போட்டு, பலகை வைத்து, கிணற்றுக் கயிற்றால் நாலு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டேன். கேக் மாவை அப்படி யாரும் புளிக்க வைக்கமாட்டார்கள் என்பதை வெகுகாலம் கழித்து ஒரு சமையல் புத்தகத்தில் படித்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் கேக் வேகவைக்க அடுப்புக் கிடையாது. ராஜபாளையத்தில் பாப்பையா என்பவர் ரொட்டிக் கடை வைத்திருந்தார். செங்கல் வைத்துக் கட்டிய பெரிய அடுப்பு. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் தகரத்தோடு ஏறினேன். கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள்தான் இருந்தது. தபால் ஆபீஸில் வாழ்த்துக் கடிதங்கள் மலையாகக் குவிந்திருந்ததால் என் வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை.

அந்தக் காலத்துப் பஸ்ஸைப் பற்றி இப்போதுள்ளவர்களுக்குச் சொல்லவேண்டும். பெட்ரோல் கிடைக்காது. பஸ்ஸுக்குப் பின்னால் ஆளுயரத்துக்கு ஓர் இரும்புக் கொப்பரை மாட்டியிருப்பார்கள். அதில் அடுப்புக் கரியை எரித்து, அந்தப் புகையில் பஸ் ஓடும். (ஓடும் என்பது மரியாதைக்குச் சொல்வது.) மற்றப் பெண்களெல்லாம் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். கண்டக்டர் என் தகரத்தைப் பார்த்துவிட்டு, "இம்புட்டுப் பெரிய டின்னை முன்னால வைக்க ஏலாதும்மா. கடைசி சீட்டுக்குப் போங்க" என்றார். கடைசி சீட்டுக்கு முதுகுப் பக்கம்தான் கொப்பரை. இதமாகச் சூடு அடித்தது. மாவுக்கும் நல்லது என்று தகரத்தைக் கொப்பரைப் பக்கமாக நகர்த்தி வைத்தேன். என் கையால் நகர்த்தினேன். யாரும் சொல்லவில்லை.

பஸ் கிளம்பும் நேரத்தில் ஓடிவந்து ஏறினார் எங்கள் போதகர். வேறு இடம் இல்லாததால் என் பக்கத்தில், தகரத்துக்கு அந்தப்புறம் உட்கார்ந்தார். வெளுத்துக் கஞ்சி போட்ட வெள்ளை அங்கி, இடுப்பில் கறுப்புப் பட்டி. போதகர் என்றால் வெறும் போதகர் இல்லை; எங்கள் பள்ளிக்கூடத்துக்கு மேனேஜரும் அவரே. என்னை வேலையில் வைத்ததும் அவர், நீக்க முடிந்தவரும் அவர். மதுவிலக்குச் சங்கத்துக்குத் தலைவரும் அவர்தான். ராஜபாளையத்தில் அன்று காலை பத்து மணிக்கு மதுவிலக்குக் கூட்டம், பேசப் போகிறாராம்.

"பண்டிகை வந்தாப் போதும், நம்ம ஜனங்க கள்ளுக்கடைப் பக்கம் போயிருதாங்க. அதான் முன்கூட்டியே எச்சரிக்கணும்" என்றார். பிறகு, "தகரத்துல என்னம்மா?"

"பலகார மாவு, ஐயா."

"நல்ல வாசனை. கருப்பட்டியா?"

"ஆமா, ஐயா."

மூக்கை இன்னொரு தடவை உறிஞ்சினார். "வேற என்னமோ ஒண்ணு..."

"ஏலக்காய், ஐயா."

அவர் திருப்தியாகத் தலையாட்டினார். தொடர்ந்து அவர் சொன்னதை நான் மறக்கவே மாட்டேன். "ஒன் வகுப்புப் பிள்ளைக நல்லா வாசிக்குது. ஜனவரியிலேருந்து ஒன்னை நெரந்தரம் பண்ணலாம்னு இருக்கேன்." எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆறு மாதமாக ஒருத்தரும் என்னைப் பார்த்து நல்லா இருக்கு என்று சொன்னதில்லை. அத்தையாவது, முறுக்காவது, இனி யார் என்ன செய்ய முடியும் என்று நெஞ்சு நிமிர்ந்தது.

பாதி வழியில் பஸ் இருமி இருமி நின்றுவிட்டது. ஆண்கள் இறங்கித் தள்ளினார்கள்; வெள்ளை அங்கி அழுக்காகும் என்று போதகரை மட்டும் இறங்கவேண்டாம் என்றார்கள். கிளீனர் கொப்பரையில் கரியைக் கொட்டி, பிடியைச் சுற்று சுற்று என்று சுற்றினான். கொப்பரை கணகணவென்று ஆனது. அப்போதுதான் பார்த்தேன், பலகைக்கு அடியில் இருந்த துணி ஓரமெல்லாம் பூரி மாதிரி உப்பிக்கொண்டிருந்தது. பலகை ஒரு பக்கமாக எழும்பியது. கயிறு முறுக்கேறி முனகியது. நான் இரண்டு கையாலும் பலகையை அழுத்தினேன். போதகர் பேசிக்கொண்டே இருந்தார். நான் தலையாட்டிக்கொண்டே அழுத்தினேன். பிறகு முழங்கையால். பிறகு, சொல்வதற்கு என்ன, ஏறி உட்கார்ந்தேன்.

"என்னம்மா, சீட்டுல எடம் இருக்கே?"

"பரவாயில்ல, ஐயா. எனக்கு இதுதான் வசதி."

தள்ளிய பஸ் திடுக்கென்று குலுங்கிக் கிளம்பியது. முடிச்சு தெறித்தது. நான் ஒரு பக்கம் விழுந்தேன், பலகை ஒரு பக்கம் பறந்தது. மாவு எழுந்தது. எழுந்தது என்றுதான் சொல்லவேண்டும். ஒரு ஆள் எழுந்து நிற்கிற மாதிரி தகரத்திலிருந்து எழுந்து, ஒரு கணம் யோசித்துவிட்டு, போதகரின் மடியில் சாய்ந்தது. மார்பிலிருந்து பாதம்வரை கருப்பட்டி நிறத்தில் அப்பிக்கொண்டு, பேரீச்சம்பழம் பொத்தான்களாக ஒட்டிக்கொள்ள, மிச்சம் தரையில் வழிந்து முன் சீட்டுக் கால்களை நோக்கிப் போயிற்று.

பஸ் முழுவதும் ஒரு வாடை பரவியது. பஸ்ஸைத் தள்ளிவிட்டு முன்னால் ஏறிக்கொண்டிருந்த ஒரு விவசாயி மெதுவாகத் திரும்பி, கண்ணை மூடி மூச்சை இழுத்துவிட்டுச் சொன்னார்.

"தென்னங்கள்ளு. நேத்து மத்தியானம் எறக்குனது. நல்ல சரக்கு."

போதகர் என்னைப் பார்த்தார். "எஸ்தர், இது என்ன?"

மோர் என்று சொல்லியிருக்கலாம். என் வீட்டுக்காரர் சொல்லிக் கொடுத்திருந்தாரே. ஆனால் அந்த வாடையில் மோர் என்று சொன்னால் என் வகுப்புப் பிள்ளைகள்கூடச் சிரிக்கும். அதோடு எனக்கு அந்த நிமிஷம் ஒரு வெறி வந்துவிட்டது. எல்லாம்தான் போய்விட்டதே, பொய்யாவது மிஞ்சவேண்டுமா என்ன?

"கள்ளுதான், ஐயா. குடிக்கிறதுக்கு இல்ல. கேக்குக்கு."

"ஏலக்காய்னு சொன்னியே!"

"ஏலக்காயும் போட்டிருக்கு, ஐயா."

ராஜபாளையத்தில் இறங்கியதும் அவர் ஒரு கிணற்றடிக்குப் போய் அங்கியைக் கழுவினார். அது இன்னும் மோசம். அதுவரை மாவு வாடையோடு கலந்திருந்த கள் வாடை, தண்ணீர் பட்டதும் தனியாகப் பிரிந்து சுத்தமாக மணக்க ஆரம்பித்தது. மாற்று அங்கி இல்லை. கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது.

நான் முக்கால்வாசி காலியான தகரத்தைச் சுமந்துகொண்டு ரொட்டிக் கடைக்குப் போனேன். திரும்பிப் போயிருக்கலாம், புத்தியுள்ளவள் போயிருப்பாள். பாப்பையா தகரத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏமம்மா இதி?" என்று தெலுங்கில் கேட்டார். கேக் மாவு என்றேன். இன்னொரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, "நீங்க சொன்னா சரி" என்றார். அவரிடம் இருந்தது நீளமான ரொட்டி அச்சுகள் மட்டும். அதில் ஊற்றி உள்ளே தள்ளினோம்.

கூட்டம் எதிரே சந்தைக் கொட்டகையில்தான். போதகரின் குரல் நன்றாகவே கேட்டது. "பிரியமானவர்களே! குடிகாரனை எப்படிக் கண்டுபிடிப்பது? அவன் வாயைத் திறக்கவேண்டாம். அவன் வருவதற்கு முன்னே அவன் நாற்றம் வருகிறது!" கொட்டகையில் ஒரு சலசலப்பு. பிறகு யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள்: "ஐயா, வந்துருச்சுய்யா. எந்தத் தோப்புன்னு மட்டும் சொல்லுங்க!" அதன்பிறகு போதகர் பேசிய எதுவும் எனக்குக் கேட்கவில்லை. சிரிப்புத்தான் கேட்டது. அடுப்புக்கு எதிரே நின்றுகொண்டு நான் வெந்துகொண்டிருந்தேன். சிரிக்கவும் வந்தது, அதுவேறு பயமாக இருந்தது.

கேக் பிரமாதமாக வந்தது என்று எழுத ஆசைதான். வரவில்லை. வெளியே செங்கல், உள்ளே களி. கறுப்பு நிறத்தில் ஆறு கட்டைகள். பாப்பையா ஒன்றைத் தட்டிப் பார்த்து, "வீடு கட்டலாம்" என்று மட்டும் சொன்னார். கூலி வாங்க மறுத்துவிட்டார். தன் கடையில் வெந்தது என்று வெளியே சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

நான் வீடு சேர்வதற்கு முன்பே செய்தி சேர்ந்துவிட்டது. மறுநாள் காலை எங்கள் வீட்டில் விசாரணை. போதகர் பழைய அங்கி ஒன்றில் வந்திருந்தார். அது கணுக்காலுக்கு மேலேயே நின்றது. அத்தை கதவோரம். என் வீட்டுக்காரர் தன் அப்பாவைக் கண்டதும் எழுந்து நின்றவர் அப்படியே நின்றார். மாமா பீரோவைத் திறந்து கடிதத்தையும் பேனாவையும் என் முன்னால் வைத்தார்.

போதகர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நான் யாரையும் நீக்க விரும்பல, தேவசகாயம். அந்தப் பிள்ளையா வெலகிக்கிட்டா எல்லாருக்கும் மரியாதை."

"கையெழுத்துப் போடும்மா" என்றார் மாமா. "காரணத்துக்குக் குடும்பச் சூழ்நிலைன்னு எழுதிக்கிடலாம்."

அந்த இரண்டு காலி வரிகளைப் பார்த்தேன். குடும்பச் சூழ்நிலையா? என் குடும்பச் சூழ்நிலை நன்றாகத்தானே இருந்தது! ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பேனாவை எடுத்தேன்.

"காரணத்தை நானே எழுதுறேன், மாமா. நீங்கதான சொன்னீங்க, காரணம் எழுதாத காகிதம் செல்லாதுன்னு." எழுதிக்கொண்டே உரக்கப் படித்தேன். "மதுவிலக்குச் சங்கச் செயலாளர் வீட்டிலே... கள் ஊற்றிப் பிசைந்த மாவை... மதுவிலக்குக் கூட்டத்தில் பேசப் போன சங்கத் தலைவர் மேலே..."

"நிறுத்தும்மா!" மாமா தாளைப் பிடுங்கினார். பேனா கோடு தாளின் விளிம்புவரை இழுத்துக்கொண்டு போயிற்று.

"இது திருநெல்வேலிக்கு மேலிடத்துக்குப் போற காகிதம்!" போதகருக்கு மேடைத் தமிழ் போய் ஊர்த் தமிழ் வந்துவிட்டது. "அங்க நாலு பேரு படிப்பாகளே!"

"படிக்கட்டும், ஐயா. நீங்க என்னை நீக்கினாலும் காரணம் எழுதணும். நானா வெலகுனாலும் எழுதணும். நடந்தது இதுதான. வேற காரணம் இருந்தா நீங்களே சொல்லுங்க, எழுதிக்கிடுதேன். எம்பிள்ளைக வாசிக்கலையா? நான் லேட்டா வந்தேனா?"

நாற்பது வருஷம் பத்திரம் எழுதிய மாமா, எழுதவே முடியாத ஒரு பத்திரத்தை அன்றுதான் கையில் வைத்திருந்தார். போதகர் எழுந்து, "இந்தப் பிள்ளைக்கு வாய் எம்புட்டு நீளம்!" என்று கூரையிடம் சொல்லிவிட்டுப் போனார். என் வீட்டுக்காரர் அப்போது உட்கார்ந்தார். தன் அப்பா நின்றுகொண்டிருக்கும்போதே உட்கார்ந்தார். கல்யாணத்துக்குப் பிறகு அவர் எனக்காகச் செய்த முதல் வீரச்செயல் அது.

அத்தை மட்டும் அசையவில்லை. "அது கெடக்கட்டும். தட்டு பன்னெண்டுக்கு என்ன வழி?" என்று கேட்டு, உள்ளே போய் நாலு பானை முறுக்கையும் முந்திரிக்கொத்தையும் கொண்டுவந்து வைத்தார். நான் தோற்பேன் என்று நம்பி முந்தின வாரமே ரகசியமாகச் சுட்டு வைத்திருந்தார்! அதைப் பார்த்ததும் எனக்குக் கண் சிவந்தது.

"அம்புட்டும் என் கையால ஆவணும்னு சொன்னது நீங்கதான், அத்தை. கேக்குதான் போவும்."

"அந்தச் செங்கல்லா? ஏட்டி, ஊரு சிரிக்கும்."

"ஊரு நேத்தே சிரிச்சு முடிச்சிருச்சு."

கட்டைகளை அரிவாள்மணையில் வைத்து அறுத்தேன். (கத்தி இறங்கவில்லை.) வெள்ளைத் துணி போர்த்தி வீடு வீடாக நானே கொண்டுபோனேன். ஒவ்வொரு வாசலிலும் ஒளிக்காமல் சொன்னேன்: "இதுல முட்டை இருக்கு, கள்ளு இருக்கு, பஸ்ஸுல கொட்டுனது போக மீதி. வேண்டாம்னா பழம் வச்சிருக்கேன்." இரண்டு வீட்டில் பழம் எடுத்துக்கொண்டார்கள். மற்றவர்கள் சிரித்துக்கொண்டே கேக்கை எடுத்துக்கொண்டார்கள். நெசவுக்காரர் மனைவி சாயங்காலம் வந்து கதவைத் தட்டினார். "இன்னும் ரெண்டு துண்டு இருக்கா, டீச்சர்? எங்க வீட்டு அவிய ஒரே தொந்தரவு. பல்லுதான் ஆடுதாம், மத்தபடி நல்லாருக்காம்." அந்த வாரம் முழுவதும் எங்கள் தெரு ஆண்களுக்கு என் சமையல்மேல் வந்த மரியாதை அதற்குமுன் இருந்ததில்லை.

பன்னிரண்டாவது தட்டைப் போதகர் வீட்டு வாசலில் வைத்துவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் வந்தேன். மறுநாள் தட்டு திரும்பி வந்தது. எவ்வளவு கோபம் இருந்தாலும் வழக்கத்தை மீற முடியாதே. அந்த ரேஷன் காலத்தில் ஒரு பிடி சீனி போட்டு அனுப்பியிருந்தார். நான் சமையலறையில் தனியாக நின்று அந்தச் சீனியைப் பார்த்து அழுதேன். அவர்மேல் இருந்த கோபம் அதில் பாதி கரைந்தது. பாதிதான்.

அத்தை பன்னிரண்டு தட்டையும் அடுக்கிப் பார்த்துவிட்டு, "போவும்னு சொன்ன, போச்சு. பள்ளிக்கூடத்துக்குப் போ" என்றார். சொன்ன சொல்லிலிருந்து இம்மியும் நகராத மனுஷி. அதற்காக அவரை எனக்கு அன்றுமுதல் பிடித்துப்போனது, அவரிடம் சொல்லவில்லை. ஜனவரியில் நிரந்தர உத்தரவு வந்தது. அதில் காரணம் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. முப்பத்திரண்டு வருஷம் அந்தப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து, தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றேன்.

இப்போது பிள்ளைகள் சென்னையிலும் பம்பாயிலுமாகச் சிதறிக் கிடக்கிறார்கள். ஒவ்வொரு டிசம்பரிலும் கேக் செய்து பார்சல் அனுப்புகிறேன். என்ன விட்டுப் பொங்க வைக்கிறேன் என்று அரசாங்கம் கேட்காதவரை நானாகச் சொல்வதாக இல்லை. மூத்த மருமகன் அந்தப் பார்சலை மாடியில் கொண்டுபோய் வைத்து, எட்டி நின்று ஒட்டடைக் கம்பால்தான் பிரிப்பார் என்று மகள் எழுதுகிறாள். சாப்பிட்டுவிட்டு எல்லோரும் தவறாமல் ஒரே வரிக் கடிதம் போடுகிறார்கள்: "அம்மா, கேக் வந்தது. இந்த வருஷமும் யார் மேலேயும் கொட்டவில்லை." அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கிறது.